ஃபேஸ் கன்வெர்ட்டர் போட்டதும் ஒயர் ஏன் சுடுகிறது?

மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டு ஃபேஸிலேயே த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் பெட்டிதான் ஃபேஸ் கன்வெர்ட்டர். மூன்று பேர் தூக்கிய மாங்கூடையை இருவர் தூக்குவது போலத்தான். ஆனால் கூடையில் ஆளுக்கு ஒன்றரை மடங்குதான் கூடும். கரண்ட் சுமார் 1.73 மடங்கு கூடும். கிருஷ்ணகிரிப் பக்கத்து போர்வெல்லில் 7.5 ஆம்பியர் இழுக்கும் 5 எச்பி மோட்டாருக்கு, பெட்டிக்குள் போகும் ஒயரில் 13 ஆம்பியர் ஓடும். சுமை மாறி மாறி வரும் இடத்தில், கன்வெர்ட்டர் பெயர்ப்பலகையிலுள்ள உள்வரும் ஆம்பியரில் 125% தாங்கும் ஒயரைக் கேட்கிறது அமெரிக்க மின்விதி. 13-க்கு அது 16 ஆம்பியருக்கு மேல். பழைய ஒயரை அப்படியே விட்டால், டெர்மினல் ஸ்க்ரூ பக்கம்தான் முதலில் கருகும்.

"ட்ரிப் ஆகுதா, பெரிய எம்சிபி போடு" என்பார்கள். எம்சிபி, அதாவது கரண்ட் மீறினால் தானாக அணையும் சுவிட்ச், காப்பது ஒயரை. ஒயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால் அந்தக் காப்பு போய்விடும். மோட்டாரைக் காப்பது, அது அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் நிறுத்தும், ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலே.