லைன் சூப்பர்வைசரிலிருந்து மேனேஜர்: பயிற்சி வகுப்பு தேவையா?

மேனேஜர் ஆவதற்குப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது சேர வேண்டாம். முதலில் மெஷினை விட்டு எழுந்திருங்கள். பனியன் கம்பெனியில் நான்கு வருடமாக லைன் சூப்பர்வைசர், இரண்டு முறை மேனேஜர் பதவி கைநழுவியது என்கிறீர்கள். "ஆள் வராத நாளெல்லாம் நானே தைத்துக் கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

நீங்கள் ஓவர்லாக்கில் (துணி ஓரத்தைத் தைக்கும் மெஷின்) குனிந்திருக்கும்போது லைனை, அதாவது பீஸ் கைமாறிப் போகும் மெஷின் வரிசையை, யாரும் பார்ப்பதில்லை. ஓவர்லாக் மணிக்கு 60 பீஸ் தைத்தாலும் அடுத்த மெஷின் 45தான் முடிக்கிறது என்றால், லைனிலிருந்து வெளியே வருவது 45தான். மீதி 15 கட்டுக்கட்டாகத் தேங்கும். அந்தத் தேக்கத்தைக் கண்டுபிடித்து ஆளை மாற்றிப் போடுவதுதான் உங்கள் வேலை. நல்ல டெய்லரை மெஷினிலிருந்து எடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது, யோசித்துப் பாருங்கள்.

ஒரு சோதனை. இரண்டு நாள் லீவு எடுங்கள். திரும்பியதும் மணிவாரி உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். பாதியாக விழுந்திருந்தால், லைன் உங்கள் கையை நம்பித்தான் ஓடுகிறது. சரி, அப்படியென்றால் ஆர்வமுள்ள ஒரு ஹெல்பருக்குத் தினமும் அரை மணி நேரம் ஓவர்லாக் பழக்குங்கள்.

ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் மட்டும் லீவு எடுக்காதீர்கள். அப்புறம், மேனேஜர் நாற்காலி சொந்தக்காரர்களுக்கே என்று இருக்கும் கம்பெனி என்றால் இதெல்லாம் அங்கே பலிக்காது. வேறு யூனிட்டில் கேளுங்கள்.