பெடலில் இரைச்சலா? ஷீல்டு வயர் எங்கே உதவும், எங்கே உதவாது

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டிதான் பெடல். அதை வீட்டிலேயே செய்கிற நண்பர்கள் இரைச்சல் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும். ஷீல்டு வயர் என்றால் நடுக்கம்பியைச் சுற்றி, இரைச்சலைத் தடுக்கச் செம்புப் பின்னல் (ஷீல்டு) போட்ட வயர்.

கேள்வி: அண்ணா, நான் செய்த டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தாலே 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. உள்ளே எல்லா வயரையும் ஷீல்டு வயராக மாற்றிவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. ஷீல்டு தேவைப்படுவது பெரும்பாலும் இன்புட் ஜாக்கிலிருந்து ஃபுட்சுவிட்ச் வழியாக போர்டுக்குப் போகும் வயருக்குத்தான். அங்கே சிக்னல் மிகச் சிறியது, இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) மிக அதிகம். பல பெடல்களில் இன்புட் இம்பீடன்ஸ் 1 மெகாஓம் வரை போகும். அங்கே ஒட்டிக்கொள்ளும் இரைச்சல், சிக்னலோடு சேர்ந்து பல நூறு மடங்கு பெருகும். 9 வோல்ட் வயருக்கும் எல்இடி வயருக்கும் ஷீல்டு போடுவது வீண் வேலை.

அதற்கு முன்னால் பாக்ஸைப் பாருங்கள். அலுமினிய பாக்ஸே பெரிய ஷீல்டுதான், ஆனால் அது கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் ஸ்லீவிலும் (கிரவுண்ட் முனை) மறு முனையை பாக்ஸின் உட்புற உலோகத்திலும் வையுங்கள். 'பீப்' வரவில்லை என்றால் ஜாக் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள். மூடியையும் அப்படியே சோதியுங்கள்.

கேள்வி: ஷீல்டை இரண்டு பக்கமும் கிரவுண்ட் செய்யணுமா?

ஒரு பக்கம் போதும். நான் ஜாக் பக்கம் இணைப்பேன். போர்டுக்கான கிரவுண்ட் தனி வயரில் போகட்டும். எந்தப் பக்கமும் இணைக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்போது ஷீல்டு இருந்தும் பயனில்லை.

சால்டரிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆர்ஜி-174 மாதிரி மெல்லிய கோஆக்ஸ் (ஒருவகை ஷீல்டு) வயரில் நடுக்கம்பியைச் சுற்றியிருப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். சூடு கொஞ்சம் கூடினாலே அது இளகி, நடுக்கம்பி நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும், பெடல் ஊமையாகிவிடும். அதனால் மேலுறையை ஒரு சென்டிமீட்டர் உரித்து, பின்னலைப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்கி, முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அப்புறம் ஜாக்கில் வைத்து இரண்டு விநாடிக்குள் முடித்துவிடுங்கள். மறு முனையில் பின்னலை ஒட்ட வெட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் வம்புதான். கடைசியாக நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே ஷார்ட் இல்லையென்று மீட்டரில் பாருங்கள்.

கேள்வி: ஷீல்டு வயர் போட்டால் ட்ரெபிள் (உயர் சுருதி ஒலி) குறையும் என்கிறார்களே?

இந்த நீளத்துக்குக் குறையாது. இந்த வகை வயரில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். பெடலுக்குள் 10 சென்டிமீட்டர் போட்டால் சுமார் 10 பிகோஃபாரட். நீங்கள் மாட்டும் கிட்டார் கேபிளிலேயே அதைப்போல் பல மடங்கு இருக்கிறது.

கேள்வி: கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுக்க வைத்தால் 'கீ' என்று கத்துகிறது. ஹம் இல்லை.

அவுட்புட் சிக்னல் இன்புட்டுக்குக் கசிகிறது. ஷீல்டு வயர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். பெடல் கத்திக்கொண்டிருக்கும்போதே காய்ந்த மரக்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். எதை நகர்த்தும்போது சத்தம் மாறுகிறதோ, குற்றவாளி அதுதான். இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒன்றாகக் கட்டிவிடும் அழகுக்கட்டு வேண்டாம், இரண்டும் எதிரெதிர் ஓரமாகப் போகட்டும். அதற்கும் அடங்காவிட்டால் இன்புட்டை ஷீல்டு வயராக மாற்றுங்கள்.

கேள்வி: ட்ரெமோலோவில் (ஒலியளவை ஏற்றி இறக்கும் பெடல்) 'டிக் டிக்' சத்தம். ஷீல்டு போட்டும் போகவில்லை.

அது பெரும்பாலும் எல்எஃப்ஓ (அந்த ஏற்ற இறக்கத்துக்கான மெதுவான அலையை உண்டாக்கும் சுற்று) பவர் லைனிலிருந்து விட்டுவிட்டுக் கரண்ட் இழுப்பதால் வருவது. ஷீல்டு அங்கே ஒன்றும் செய்யாது. எல்எஃப்ஓவில் டிஎல்072 ஐசி இருந்தால் குறைந்த கரண்ட் எடுக்கும் டிஎல்062 போடுங்கள், அதன் கிரவுண்டைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பேட்டரியில் சுத்தமாக இருக்கிறது, அடாப்டரில் மட்டும் ஹம்.

அப்படியென்றால் வயரைத் தொடவே வேண்டாம். 9 வோல்ட் லைனில் 100 ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரின் 100 ஹெர்ட்ஸ் ஹம் நன்றாகவே அடங்கும். ஒரே அடாப்டரில் டிஜிட்டல் பெடலும் சேர்ந்து ஓடி 'வீல்' என்று கேட்டால், அதற்குத் தனி சப்ளை கொடுங்கள்.

கேள்வி: சார், எல்லாம் செய்துவிட்டேன். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் இன்னும் ஹம் இருக்கிறது.

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் போய்விட்டால் பெடல் மீது தவறில்லை. பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் சுருள்) காந்தப்புலத்தைப் பிடிக்கிறது, செம்புப் பின்னல் அதைத் தடுக்காது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பிலிருந்து தள்ளி நின்று, கிட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் நன்றாகக் குறையும். அப்படியே உட்கார்ந்து வாசியுங்கள்.