காட்டுப் பாதைக்குத் தாங்குற பை எது?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில நாள்கணக்கா காட்டுப் பாதையில சுத்துறோம். டூல்ஸ், அடுப்பு, கயிறுன்னு எல்லாம் பின்னாடி உருண்டு கிடக்கு, பிளாஸ்டிக் பெட்டி வாங்கினா ரெண்டே ட்ரிப்ல மூலை உடைஞ்சுபோச்சு. ரொம்ப நாள் உழைக்கிற பையை எப்படிப் பாத்து வாங்குறது?

பதில்: கடையில முதல்ல டெனியர்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க, 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கோ அதான் டெனியர். டூல்ஸுக்கு 1000 டெனியர் நைலான் இல்லன்னா தடிமனான கேன்வாஸ் எடுங்க, துணிமணிக்கு 500 போதும். ஆனா நான் பாத்த வரைக்கும் துணி கிழிஞ்சு போற பையை விட கைப்பிடி பிஞ்சு ஜிப் போய் குப்பைக்குப் போற பைதான் ஜாஸ்தி, அதனால கைப்பிடி நாடா பைக்கு அடியில சுத்தி வந்து தைச்சிருக்கான்னு திருப்பிப் பாருங்க, ஜிப் 10ஆம் நம்பர் சைஸ்ல பெருசா இருக்கட்டும். ஜிப்ல புழுதி அடைச்சா பிரஷ் போட்டுக் கழுவுங்க, எண்ணெய் விட்டா இன்னும் மண்ணு ஒட்டும்.

பிவிசி கோட்டிங் பை தண்ணிய உள்ள விடாது, ஈரக் கயிறை போட்டு மூடினா வெளியவும் விடாது, பூஞ்சை வந்துரும். சேறான சாமானுக்கு தனியா வலைப்பை வைங்க.

ஒரே பெரிய பை வேணவே வேணாம், நாலு சின்னதா வாங்கி கனமானதை கீழ, சீட்டுக்குப் பின்னாடி ஒட்டி வச்சு ஸ்ட்ராப் போட்டு இறுக்கிக் கட்டுங்க.