உயிர்த் தகவலியலும் கணிதமும்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். உங்கள் மகளுக்கு உயிரியல் பிடித்திருக்கிறது, கணிதம் என்றால் ஒதுங்குகிறாள், ஆகவே உயிர்த் தகவலியலில் (உயிரியல் தரவுகளைக் கணினியாலும் புள்ளியியலாலும் ஆராயும் துறை) இளநிலைப் பட்டம் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்க வைக்கலாம். ஆனால் கணிதத்திடமிருந்து தப்பிக்கும் வழி என்று நம்பிச் சேர்த்தால், முதல் ஆண்டு முடிவதற்குள் அவள் சோர்ந்துவிடுவாள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதத்துக்கான பீட்டா குளோபின் மரபணுவில் 'ஏ' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' வந்து, அந்த மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் குழந்தைக்குக் கிடைத்துவிட்டால், அந்தப் புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்து அரிவாள் செல் இரத்தசோகை உண்டாகிறது. இதை உயிரியல் புத்தகத்திலேயே படித்துவிடலாம். ஆனால் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத் தொகுதியில், ஆயிரக்கணக்கானோரின் தரவுகளை அடுக்கிவைத்து, எந்த மாற்றம் நோயோடு தொடர்புடையது, எது தற்செயல் என்று பிரித்தறிவது முழுக்க முழுக்கப் புள்ளியியல் கேள்வி. நிகழ்தகவு விளங்காமல் இங்கே ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது.

நிரலாக்கத்துக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. பைத்தான், ஆர் ஆகிய நிரல்மொழிகள் பழகப் பழக வரும். அன்றாட வேலையில் பெரும்பகுதி தரவைச் சுத்தம் செய்வதிலேயே போகும் என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். 'செப்ட்2' என்ற மரபணுவின் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும்; இந்தத் தொல்லை தாங்காமல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அதைச் 'செப்டின்2' என்று மாற்றியது!

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, புள்ளியியலுக்கும் நிரலாக்கத்துக்கும் எத்தனை பருவங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டுத் தேடித் தரும் பிளாஸ்ட் போன்ற ஆயத்தக் கருவிகளில் வரிசையை ஒட்டிப் பொத்தானை அழுத்தக் கற்றுத்தருவதோடு நின்றுவிடும் படிப்பைவிட, புள்ளியியலையோ கணினி அறிவியலையோ முதன்மையாக எடுத்து, உயிரியலைத் துணைப்பாடமாகப் படிப்பதே மேல் என்பது என் கருத்து. ஆய்வுப் பணிகள் பலவற்றுக்கு முதுநிலைப் பட்டமும் எதிர்பார்க்கப்படுவதால், செலவுக் கணக்கை மூன்று நான்கு ஆண்டுகளோடு முடித்துவிடாதீர்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு சோதனை செய்யலாம். 'ரோசலிண்ட்' என்ற இலவசப் பயிற்சித் தளத்தில், கொடுக்கப்பட்ட டிஎன்ஏ வரிசையில் நான்கு எழுத்துகளும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணும் எளிய கணக்கு உண்டு. அதிலிருந்து அவள் தொடங்கட்டும். விடை தவறாக வரும்போது மடிக்கணினியை மூடிவிடுகிறாளா, எங்கே பிழை என்று தேடுகிறாளா என்பதை இரண்டு வாரம் கவனித்து எனக்கு எழுதுங்கள். அதன்பின் கல்லூரிகளைப் பற்றிப் பேசுவோம்.