‘ரன் அவுட்’, ‘யூஸ் அப்’: இரண்டும் ஒன்றா?

ஒரு பொருள் தீர்ந்துபோனதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கோத்தகிரியில் டியூஷன் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள்.

பொருள் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’. ஒருவர் மிச்சமில்லாமல் தீர்த்தால் ‘யூஸ் அப்’. நம் ‘தீர்ந்தது’, ‘தீர்த்தான்’ வித்தியாசம்தான். ‘ந்’ போய் ‘த்’ வந்தால் பழி ஓர் ஆள்மேல் விழுகிறது. மார்கழி உறைபனியில் விடிய விடிய அடுப்பெரிந்து விறகு தீர்ந்ததா? ‘தி ஃபயர்வுட் ரேன் அவுட்’. வெந்நீர் போட்டுப் போட்டே அண்ணன் அத்தனையையும் காலி செய்தாரா? ‘ஹி யூஸ்டு அப் ஆல் தி ஃபயர்வுட்’. வீட்டில் சண்டை வருவது இந்த இரண்டாவதற்குத்தான்.

சரி, ‘எங்களிடம் விறகு தீர்ந்துவிட்டது’ என்று ஆளை முன்னால் வைத்தால்? ‘ஆஃப்’ சேரும்: ‘வி ரேன் அவுட் ஆஃப் ஃபயர்வுட்’. வெறும் ‘வி ரேன் அவுட்’ என்று நிறுத்தினால், அந்தக் குளிரில் வெளியே ஓடினோம் என்றும் ஆகிவிடும்! அப்புறம், ‘ரன்னிங் லோ’ என்றால் இன்னும் நாலு கட்டை மிச்சமிருக்கிறது.

‘யூஸ் அப்’பில் வரும் ‘அப்’பை ‘மேலே’ என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இங்கே ‘முழுக்க’ என்றே பொருள், ‘குடித்துவிடு’வில் வரும் ‘விடு’ எதையும் விடச் சொல்லாதது போல.