ஒரே லைன், ரெண்டு சம்பளம்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல 'புதுசா சேர்ந்தவங்களுக்கு மட்டும் ஏன் கம்மி சம்பளம்'னு ஒருத்தர் கேட்டிருந்தார், அதுக்கு நாங்க நாலு வரியில பதில் போட்டோம். அதுக்கப்புறம் வந்த கடிதங்களை படிச்சா, பாதி பேர் யூனியனே வேஸ்ட்டுங்கிறாங்க, மீதி பேர் இந்த காலத்து பசங்களுக்கு யூனியன் அருமை தெரியலங்கிறாங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே.

நான் சேர்ந்து நாலு வருஷம் ஆகுது. பக்கத்துல நிக்கிற அண்ணன் என்ன வேலை செய்றாரோ அதே வேலை தான் நானும் செய்றேன், சொல்லப்போனா கஷ்டமான ஸ்டேஷன் எல்லாம் எங்க தலையில தான் விழுது. சம்பளம் அவர் வாங்குறதுல பாதி கூட வராது. கேட்டா 'நீ புது கிரேடு, அக்ரிமெண்ட்லயே அப்படித்தான்'ங்கிறாங்க. அதுல கையெழுத்து போட்டது எங்க யூனியன் தான். அப்புறம் நான் எதுக்கு சந்தா கட்டணும்?
(பெயர் வேண்டாம், ஒரகடம்)

தம்பி, உங்க கோவத்துல தப்பே இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். இந்த புது கிரேடு எப்படி வருதுன்னு பாருங்க. மூணு வருஷமோ நாலு வருஷமோ ஒருதரம் சம்பள பேச்சுவார்த்தை நடக்கும், யூனியன் ஒரு தொகை கேக்கும், மேனேஜ்மென்ட் இழுத்துக்கிட்டே போகும், மாசக்கணக்கா போனப்புறம் ஒருநாள் 'சரி, இப்ப இருக்கிற பெர்மனென்ட்டுக்கு நீங்க கேக்குறதுக்கு பக்கத்துல வர்றோம், ஆனா இனிமே எடுக்கிற ஆளுக்கு தனி கிரேடு'ன்னு ஒரு வரியை உள்ள நுழைப்பாங்க. அந்த வரியால அடிபடப்போற ஆள் அந்த ரூம்ல இல்ல, ஜெனரல் பாடியில கை தூக்கவும் இல்ல, பல பேர் அப்ப ஐடிஐல படிச்சிட்டு இருந்திருப்பான். இருக்கிறவங்களுக்கு அரியர்ஸோட நல்ல தொகை வருது, வீட்டு லோன் இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு, கை தூக்கிடறாங்க. அது தப்பு தான். அந்த வரிக்கு ஒத்துக்கிட்ட தலைமையை நீங்க கேள்வி கேக்கணும், கேட் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேக்கணும்.

ஆனா சந்தாவை நிறுத்திட்டா யாருக்கு லாபம்? 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு, அதுல தொழிலுறவு கோடுன்னு ஒண்ணு, ஒரு கம்பெனியில பல யூனியன் இருந்தா மஸ்டர் ரோல்ல, அதாவது கம்பெனியோட வருகைப் பதிவேட்டுல இருக்கிற தொழிலாளிங்கள்ல 51 சதவீதம் பேர் எந்த யூனியன் பக்கமோ அது மட்டும் தான் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்னு சொல்லுது. நிறைய ஃபேக்டரியில ஜூனியர்ங்க எண்ணிக்கை சீனியரை தாண்டிட்டு இருக்கு, இல்ல சீக்கிரம் தாண்டும். அப்படின்னா யார் பேசணும்னு முடிவு பண்ற கை உங்க கை. வெளிய நின்னு திட்டுற ஜூனியரை மேனேஜ்மென்ட்டுக்கும் பிடிக்கும், பழைய தலைமைக்கும் பிடிக்கும், ரெண்டு பேருக்குமே அவனால தொந்தரவு இல்ல. உள்ள வந்து எலக்சன்ல நின்னு, கமிட்டியில பாதி சீட் புது கிரேடு ஆளுங்களுக்குன்னு கேளுங்க.

சந்தா கட்டாதவனுக்கும் ஒப்பந்தம் பொருந்துமா?
(ஒரு வாசகர், மறைமலை நகர்)

லேபர் ஆபீசர் முன்னாடி சமரசத்துல போட்ட ஒப்பந்தம்னா, அதாவது நம்ம ஆளுங்க 12(3)ன்னு சொல்றது, பொருந்தும். உறுப்பினரா இல்லையான்னு பாக்காது, பின்னாடி சேர்றவங்களையும் கட்டுப்படுத்தும். பழைய தொழில் தகராறு சட்டத்துல இது 18(3) பிரிவு, புது கோடுலயும் அந்த விதி இருக்கு. சமரசம் இல்லாம கம்பெனியும் யூனியனும் நேரடியா போட்டுக்கிட்டதுன்னா கையெழுத்து போட்ட தரப்புக்கு மட்டும். உங்களுது எந்த வகைன்னு காப்பி வாங்கி பாருங்க.

நாங்க யூனியன் ஆரம்பிச்சப்ப சஸ்பெண்ட், சார்ஜ் மெமோ, என்கொயரின்னு படாத பாடு பட்டோம். வீட்ல அடுப்பு எரியாத நாள் உண்டு. இன்னைக்கு கேன்டீன், பஸ், மெடிக்கல் எல்லாம் எங்களால வந்தது. அதை அனுபவிச்சுக்கிட்டே நேத்து வந்த பசங்க வாட்ஸ்அப்ல எங்களை துரோகின்னு எழுதுறாங்க. நாங்க வாங்குற சம்பளத்தை அவங்களுக்கு முதல் நாளே குடுக்கணுமா?
(22 வருட தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர்)

அண்ணே, நீங்க பட்டதை யாரும் லேசா பேசக்கூடாது. சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தா யூனியன் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்னு 1926 தொழிற்சங்க சட்டம் சொல்லுச்சு, ஆனா நடைமுறையில என்ன ஆகுதுன்னு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆளுங்களை கேட்டா தெரியும். 2024 செப்டம்பர் 9ல ஸ்டிரைக் ஆரம்பிச்சு 37 நாள் வெயில்ல உட்கார்ந்தாங்க, சம்பளத்தோட சேர்த்து அவங்க முக்கியமா கேட்டது யூனியனை ஒத்துக்கங்கன்னு தான், பதிவு கைக்கு வர 2025 ஜனவரி ஆயிடுச்சு. அந்த 1926 சட்டமே சும்மா வரல. 1918 ஏப்ரல் 27ல பி.பி. வாடியாங்கிறவர் தலைமையில சென்னை தொழிலாளர் சங்கம் வந்துச்சு, திரு.வி.க. எல்லாம் அதுல இருந்தார், பின்னி மில் நிர்வாகம் வாடியா மேலயே ஹைகோர்ட்ல கேஸ் போட்டு தடை வாங்கினாங்க. சங்க வேலை செஞ்சதுக்காக கேஸ் போட்டு முடக்கக்கூடாதுங்கிற பாதுகாப்பு அந்த அனுபவத்துக்கு பின்னாடி தான் சட்டத்துல ஏறுச்சு. அதனால யூனியனே வேஸ்ட்னு பேசுற தம்பிங்க இதை கொஞ்சம் படிக்கணும்.

ஆனா அண்ணே, உங்க கேள்விக்கு நேரா வர்றேன். முதல் நாளே உங்க சம்பளம் வேணும்னு யாரும் கேக்கல. 22 வருஷம் வேலை செஞ்சதுக்கு இன்க்ரிமென்ட், சர்வீஸ் வெயிட்டேஜ் எல்லாம் உங்களுக்கு இருக்கணும், அது நியாயம். அவங்க கேக்குறது என்னன்னா, நாங்க 22 வருஷம் செஞ்சாலும் நீங்க இன்னைக்கு நிக்கிற இடத்துக்கு வரவே முடியாத மாதிரி ஏன் தனி ஏணி போட்டீங்கன்னு. சீனியாரிட்டி வேற, தனி கிரேடு வேற. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு தான் பாதி சண்டை நடக்குது.

உங்க பாதுகாப்பையும் யோசிங்க. ஒரே வேலைக்கு பாதி சம்பளத்துல ஆள் நிக்கிறான்னா மேனேஜ்மென்ட் கணக்குல நீங்க தான் செலவு. விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) பேப்பர் முதல்ல யார் கைக்கு வரும்? வருஷா வருஷம் பத்து பேர் ரிட்டயர் ஆகி அந்த இடத்துக்கு புது கிரேடுல பத்து பேர் வந்தா, அடுத்த ஒப்பந்தத்துல உங்களுக்காக கேட்டுக்கு வெளிய நிக்க யார் இருப்பா? அந்த பையன் வரணும்னா, அவனுக்காக நீங்க ஒருதரமாவது நின்னிருக்கணும்.

2009க்கு முன்னாடி பின்னாடின்னு எங்களை பிரிச்சு வச்சிருக்காங்க. ஒரே ஸ்கூல், ஒரே வகுப்பு, ஒரே படிப்பு. எங்க சங்கங்களே எங்களுக்கு முழுசா துணை நிக்கலைன்னு வருத்தம். உங்க கருத்து?
(இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

டீச்சர், இந்த பக்கத்துல வந்த கடிதங்கள்லயே உங்களுது தான் கணக்கு போட்டு காட்ட சரியான உதாரணம், அதனால மத்த வாசகர்களுக்கும் சேர்த்து சொல்றேன். 2009 மே 31 வரைக்கும் வேலைக்கு சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் ஜூன் 1ல இருந்து சேர்ந்தவங்களுக்கு 5,200. வித்தியாசம் 3,170 ரூபா. ஒரு நாள் தள்ளி சேர்ந்ததுக்கு இவ்வளவு. சரி 3,170 தானேன்னு அப்ப நினைச்சவங்க உண்டு, ஆனா பேசிக்ல விழுற ஓட்டை அப்படியே நிக்காது. ஏழாவது ஊதியக்குழுவுல எல்லாத்தையும் 2.57ஆல பெருக்கினாங்க இல்லையா, அப்ப அந்த 3,170 கிட்டத்தட்ட 8,147 ஆயிடுது. அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி) ஏறும், ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டும் சதவீதத்துல ஏறும், ஓய்வுகால கணக்கும் அதுல தான் நிக்கும். ஃபேக்டரியிலயும் இதே கதை தான், 'எல்லாருக்கும் பத்து பர்சென்ட்'னு சொன்னா சமமா குடுத்த மாதிரி தோணும், ஆனா 8,370க்கு 837, 5,200க்கு 520, இடைவெளி குறையாம இன்னும் 317 ரூபா கூடிப்போயிருக்கும்.

நீங்க 2018 டிசம்பர்ல குழந்தை குட்டியோட சென்னையில உண்ணாவிரதம் இருந்ததும், 2022 கடைசியில திரும்ப உட்கார்ந்ததும், 2023 ஆரம்பத்துல அரசு குழு போட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பெரிய சங்கங்களோட கோரிக்கை பட்டியல்ல உங்க விஷயம் பத்தோட பதினொண்ணா இருந்துச்சுங்கிற உங்க வருத்தத்தை நான் முழுசா ஏத்துக்கறேன். 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு பழைய பென்ஷன் இல்லைன்னு வந்தப்பவே, ஏற்கனவே உள்ள இருந்தவங்க நமக்கு வரலையேன்னு விட்டதோட தொடர்ச்சி இது. 2016 அக்டோபர் 26ல பஞ்சாப் அரசு வழக்குல, அரசு துறையில தற்காலிகமா இருக்கிறவங்களுக்கும் அதே வேலைக்கு நிரந்தர ஊழியரோட குறைந்தபட்ச ஊதிய விகிதம் உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. உங்க கேஸ் அதுல இருந்து வேற, நீங்க நிரந்தர ஊழியர்ங்க, பிரச்சனை தேதியில. ஆனா சம வேலைக்கு சம ஊதியம்ங்கிற அடிப்படை அந்த தீர்ப்புல ரொம்ப அழுத்தமா இருக்கு, உங்க வக்கீல்கிட்ட அவசியம் பேசுங்க.

ட்ரெயினின்னு மூணு வருஷமா லைன்ல நிக்கிறேன். எங்களை யூனியன்ல சேத்துக்கவே மாட்டேங்குறாங்க. என்ன செய்றது?
(ஒரு சகோதரி, ஓசூர்)

அம்மா, உங்களுக்கு யூனியன் கதவு திறக்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கைல ஒரு சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல 1981ல வந்த நிரந்தர தகுதி வழங்கும் சட்டம், 24 மாசத்துல 480 நாள் தொடர்ச்சியா வேலை செஞ்சிருந்தா நிரந்தரம் ஆக்கணும்னு சொல்லுது. இதுல ஒரு முக்கியமான விஷயம், அப்ரென்டிஸ் சட்டம் 1961 கீழ பதிவு பண்ணியிருந்தா சட்டம் உங்களை தொழிலாளியா பாக்காது, அதனால ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க. வெறும் 'ட்ரெயினி'ன்னு பேர் வச்சு முழு ஷிப்ட் உற்பத்தி வாங்குறாங்கன்னா வாதாட இடம் இருக்கு. பே ஸ்லிப், பிஎஃப், இஎஸ்ஐ, பஞ்ச் ரெக்கார்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்ல வச்சுக்கங்க, வேலை செஞ்ச நாள் எண்ணிக்கையை நிரூபிக்க வேண்டியது நீங்க தான். தனியா போகாதீங்க, உங்க பேட்ச்ல இருக்கிற பொண்ணுங்க சேர்ந்து தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதுங்க. உங்க ஃபேக்டரி யூனியன் தலைவர் இதை படிச்சா அவருக்கும் ஒரு வார்த்தை: மூணு வருஷம் லைன்ல நிக்கிற பொண்ணை உறுப்பினரா ஏத்துக்காத சங்கம் ஸ்டிரைக் நோட்டீஸ் குடுத்தா, லைன் நிக்காது.

இப்படி பிரிச்சதை திரும்ப ஒட்ட வச்ச யூனியன் எங்கயாவது உண்டா? அடுத்த டிமாண்ட்ல நாங்க என்ன எழுதலாம்?
(கமிட்டி உறுப்பினர், கோயம்புத்தூர்)

உண்டு. அமெரிக்காவுல யுஏடபிள்யூன்னு கார் தொழிலாளர் சங்கம், 2007ல கம்பெனிங்க நஷ்டத்துல தவிச்சப்ப புது ஆளுக்கு கிட்டத்தட்ட பாதி சம்பளம்னு ஒத்துக்கிட்டாங்க. கம்பெனி லாபத்துக்கு திரும்பினப்புறமும் அந்த பிரிவு வருஷக்கணக்கா நீடிச்சுது, ஒரே லைன்ல ரெண்டு சம்பளம், சங்கத்துக்குள்ளயே கசப்பு. 2023 செப்டம்பர் 15ல ஃபோர்டு, ஜிஎம், ஸ்டெல்லான்டிஸ் மூணுலயும் ஒரே நேரத்துல ஸ்டிரைக், ஆறு வாரம் கிட்ட ஓடுச்சு. முடிவுல 25 சதவீத உயர்வோட, உச்ச சம்பளத்தை தொட எட்டு வருஷம்னு இருந்ததை மூணு வருஷமா குறைச்சாங்க. எல்லாம் தீர்ந்துடல, ஆனா 'சம்பள அடுக்கை ஒழிக்கணும்'னு சீனியர்களும் சேர்ந்து கோஷம் போட்டாங்க, எனக்கு அது தான் பெருசா படுது.

உங்க டிமாண்ட்ல, புது கிரேடை ஒரே நாள்ல எடுன்னு மட்டும் எழுதினா மேனேஜ்மென்ட் முடியாதுன்னு மூடிடும், இத்தனை வருஷத்துக்குள்ள புது கிரேடு ஆள் பழைய கிரேடு பேசிக்கை தொடணும்னு வருஷத்தை போட்டு எழுதுங்க. உயர்வை சதவீதமா கேக்காம எல்லாருக்கும் ஒரே ரூபாயா கேளுங்க, அந்த தொகையில பெரும்பகுதி பேசிக்ல சேரணும், அலவன்ஸ்ல போட்டு ஏமாற விடாதீங்க. ஒப்பந்த காலத்துல சேர்ற ஆளுக்கு தனி ஊதியம் கிடையாதுன்னு ஒரு வரி. கையெழுத்துக்கு முன்னாடி வரைவை தமிழ்ல அடிச்சு எல்லா ஷிப்டுக்கும் குடுத்துட்டு, ட்ரெயினி வரைக்கும் வந்து உட்கார்ற ஜெனரல் பாடியில வச்சு ஓட்டு எடுங்க.