42 பிள்ளைகளும் ஒரு நாளும்: எழும்பூர் அருங்காட்சியகச் சுற்றுலாவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஜனவரி கடைசியில் 42 பிள்ளைகளைச் சென்னை எழும்பூரில் இருக்கும் சிறுவர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக ஆசை. அப்படியே பிர்லா கோளரங்கம், மெரினா இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மின்சார ரயிலில் போவதா, பஸ் பேசுவதா? ஒரு மாணவி காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடக்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் பட்டியலைச் சுருக்குங்கள், டீச்சர். எழும்பூர் மட்டும் போதும். கோளரங்கம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. அங்கே காட்சி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே எழும்பூரில் பிள்ளைகளை "வா, வா, நேரமாச்சு" என்று விரட்ட வேண்டியிருக்கும். மெரினா வேண்டவே வேண்டாம். அலையைக் கண்ட எட்டு வயதுக் குழந்தையைப் பிடித்து வைக்க ஆளுக்கு ஓர் ஆள் வேண்டும். அத்தனை பேர் உங்களிடம் இல்லை.

எழும்பூரிலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பல கட்டடங்கள் கொண்ட பெரிய வளாகம். வரிசையாக எல்லாக் கூடங்களுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தால், கால் வலித்தது மட்டும்தான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். நான்கு இடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 நிமிடம் நில்லுங்கள்.

சிறுவர் பகுதியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. 1960-களில் பாஸ்டன் சிறுவர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் மைக்கேல் ஸ்பாக் கண்ணாடிப் பெட்டிகளை எடுத்துவிட்டு, குழந்தை தொட்டுத் திருகிப் பார்க்கும்படி காட்சிகளை மாற்றினார். இன்று வெளிநாட்டுப் படங்களில் நாம் பார்க்கும் சிறுவர் அருங்காட்சியகங்கள் அந்த வழியில் வந்தவை. எழும்பூரில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொம்மைகளும் மாதிரிகளும்தான். வாசலில் நிற்கும் டைனோசர் உருவங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் துள்ளுவார்கள். உள்ளே போனதும் வேகம் குறைந்துவிடும். ஆகவே கைக்கு வேலை கொடுப்பது உங்கள் பொறுப்பு. உடை உடுத்திய பொம்மைகள் இருக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது என்ன உடுத்தியிருக்கிறது, தலையில் என்ன, காலில் என்ன என்று பார்த்து வரையட்டும். ஒரு பென்சில், பாதி வெள்ளைத்தாள், வைத்து எழுத ஓர் அட்டை போதும்.

இரண்டாவது, திமிங்கல எலும்புக்கூடு. அதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை எத்தனை அடி வைத்து நடந்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணட்டும். மறுநாள் பள்ளி மைதானத்தில் அதே எண்ணிக்கை நடந்து கோடு போட்டுப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் நீட்டல் அளவைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, செப்புத் திருமேனிகள். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் இருக்கும் கூடம் இது. வரலாறு சொல்லத் தொடங்காதீர்கள், கேள்வி கேளுங்கள். நடராஜருக்கு எத்தனை கை? எந்தக் கையில் உடுக்கை, எதில் நெருப்பு? காலடியில் கிடப்பவன் யார்? அப்புறம் எல்லோரும் ஒரு காலைத் தூக்கி அதே மாதிரி நின்று பார்க்கட்டும். சில விநாடிகளில் தள்ளாடுவார்கள். உலோகத்தில் அந்த நிலையை வார்த்தவரின் திறமை அப்போது அவர்களுக்கே புரியும். அர்த்தநாரீஸ்வரரில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று தேடச் சொன்னால், பெரியவர்கள் பார்க்காததையெல்லாம் கண்டுபிடிப்பார்கள்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: கற்கருவிகள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, மனிதன் செதுக்கிய கருவி இது என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னாளில் அவர் சேர்த்த பெருந்தொகுப்பை 1904-ல் சென்னை அரசு வாங்கி இந்த அருங்காட்சியகத்தில் சேர்த்தது. நீங்கள் வரும் ஜிஎஸ்டி சாலை பல்லாவரம் வழியாகத்தான் போகிறது! பஸ் அங்கே வரும்போது ஜன்னல் வழியே இடத்தைக் காட்டுங்கள். பத்து மணிக்கு மேல் கருவிகளைக் காட்டுங்கள். வண்டலூரைக் கடக்கும்போது சொல்லவும் ஒரு செய்தி உண்டு. அந்த உயிரியல் பூங்காவின் தொடக்கமே எழும்பூர் அருங்காட்சியக வளாகம்தான். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அங்கே விலங்குகளை வைத்துக் காட்டினார். பிறகு அந்த விலங்குக் காட்சிசாலை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே ஒரு பூங்காவுக்குப் போய், 1985-ல் வண்டலூருக்கு வந்தது.

இதெல்லாம் பலிக்க வேண்டுமானால் முந்தைய வாரம் வகுப்பில் கொஞ்சம் வேலை இருக்கிறது. கூழாங்கல் ஒன்று, உடைந்து விளிம்பு கூரான கல் ஒன்று கொண்டுவந்து, நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எது இலையை நறுக்குகிறது என்று பார்க்கவிடுங்கள். அருங்காட்சியகத்தில் தொட முடியாத கல்லை அவர்கள் கை ஏற்கெனவே அறிந்திருக்கும்.

பயணத்துக்குப் பஸ் பேசுங்கள். ரயில் மலிவுதான், செங்கல்பட்டிலேயே புறப்படும் வண்டியில் ஏறுவதும் எளிது. ஆனால் எழும்பூரில் மின்சார ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் 42 பிள்ளைகளை, அதில் ஒருத்தி கேலிப்பரோடு, இறக்கி ஏற்றுவது ஆபத்து. பஸ் சுற்றி வந்தாலும் வாசலில் இறக்கும். காலை ஏழரைக்குள் புறப்பட்டால் நெரிசலுக்கும் சேர்த்து நேரம் இருக்கும். வெறும் வயிற்றோடு யாரும் ஏற வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்காரவைத்து, கையில் எலுமிச்சையும் ஒரு கவரும் கொடுங்கள்.

அந்த மாணவிக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். மொத்த வகுப்பின் வழியையும் அவள் காலுக்கு ஏற்றபடி அமைத்துவிடுங்கள். இதற்காகவே நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கே படிக்கட்டு அதிகம், எங்கே உட்கார இடம், கழிப்பறை எவ்வளவு தூரம், எந்தக் கூடம் மராமத்துக்காக மூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் இருக்கும் பகுதியை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கீழே காத்திருக்க மற்றவர்கள் மேலே போய் வருவதுதான் அவளுக்கு நிஜமான வலி.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. உங்களுக்கு ஏழு பேர் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அவரவர் ஆறு பேரை அவரவர்தான் எண்ண வேண்டும்: பஸ்ஸில் ஏறும்போதும், ஒவ்வொரு கூடத்தை விட்டு வெளியே வரும்போதும். அட்டையில் பிள்ளையின் பெயரை எழுதி மாட்டாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும். பள்ளியின் பெயரும் உங்கள் போன் எண்ணும் போதும். வழி தவறினால் அங்கேயே நின்று சீருடை போட்ட ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்பதை நடித்துக் காட்டிப் பழக்குங்கள். புறப்படும் முன் எல்லோரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துவைத்தால், யார் என்ன உடை என்று தேடும்போது உதவும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் நல்லது; மதியம்வரை கெடாது. எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காட்சிக் கூடங்களுக்குள் எதையும் பிரிக்கக் கூடாது.

பணம் தர முடியாத வீடுகள் இருக்கும். வசூல் பட்டியலை வகுப்பில் வாசிக்காதீர்கள். மேலாண்மைக் குழுவிடமோ ஊரில் உதவக்கூடியவரிடமோ மொத்தமாகக் கேட்டு, எல்லோரையும் கூட்டிப்போங்கள், முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். பணம் இல்லாததால் ஒரு குழந்தை மட்டும் பள்ளியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நுழைவுக் கட்டணத்தில் மாணவர் சலுகையும், விளக்கிச் சொல்ல ஓர் ஆளும் கிடைக்குமா என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அருங்காட்சியக அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களும் கையில் வந்த பிறகே பஸ்ஸுக்கு முன்பணம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை; குடியரசு தினத்தன்றும் திறக்க மாட்டார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாள் பாருங்கள். மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

மறுநாள் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுத வைக்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: பாக்குவெட்டி, உழக்கு, பாட்டியின் மஞ்சப்பை, எதுவானாலும் சரி. வகுப்பில் ஒரு மேசை போட்டு, பொருளின் பெயர், யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று பிள்ளைகளே சின்ன அட்டையில் எழுதி வைக்கட்டும். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அந்த வகுப்பறையிலேயே நடத்துங்கள். உதவிக்கு வந்த அம்மாக்களுக்குப் பிள்ளைகளே தங்கள் பொருளைக் காட்டி விளக்கட்டும்.